முந்நூறு பழம்

மணியின் டோக்கன் முப்பத்தொன்று. சுவரில் சிவப்பு எழுத்தில் இப்போது பத்தொன்பது. முறை வரும்வரை உட்கார வைக்க அவளைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் இருபது நிமிஷம் ஆகிறது, அதற்கு மேல் ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வசந்தமணி யாருங்க என்று நர்ஸ் கூப்பிட்டதும் எழுந்தாள், ஸ்கேன் எடுக்கக் கழுத்தில் நகை இருக்கக் கூடாதாம், தாலிக்கொடியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி என் கையில் கொடுத்தாள். கழுத்தில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் கயிறு இருந்தது, அதில் ஒரு மஞ்சள் கிழங்கு முடிந்திருந்தது. எப்போது கட்டினாள்? வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பொள்ளாச்சி வரை முக்கால் மணி நேரம் பஸ்ஸில் என் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் வந்தாள், எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கொடி என் கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை, இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை, சட்டைப்பையில் போட்டதும் சட்டை ஒரு பக்கமாகத் தொங்குகிறது. போனும் அதே பையில். சரியாக அந்த நேரம் பார்த்துப் போன் டக் டக் என்று தட்டுகிறது, கொடியின் மேல் இடித்து, நெஞ்செலும்பில் தட்டுவது போலவே. வேறு யார், அணில்தான். எடுத்துப் பார்க்கிறேன். 'வணக்கம் தங்கவேலு! உங்கள் வீட்டு நோயாளி இப்போது எப்படி இருக்கிறார்? இரண்டே நிமிடம், 150 பழங்கள்!' ஒரு ஆச்சரியக்குறி என் பெயருக்கு, ஒன்று பழத்துக்கு. திரும்பப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அணில் என்பது நான் வைத்த பெயர். என் போனில் இப்படி மூன்று இருக்கின்றன, அவற்றின் நிஜப்பெயர்கள் வாயில் நுழையாது, படத்தை வைத்துத்தான் கூப்பிடுகிறேன். செருப்புப் படம் போட்டது நடந்தால் புள்ளி தரும், கத்தரிக்கோல் போட்டது கடை பில்லைப் படம் பிடித்து அனுப்பினால் தரும், அணில் கேள்வி கேட்கும், பதில் சொன்னால் பழம் தரும். மூன்றின் வரவையும் அணிலிடம் சேர்த்தால் மின்னூல் வாங்கலாம். மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவனுக்குச் செருப்பு ஆப் கடவுள் கொடுத்த வரம், எப்படியும் வீடு வீடாக நடக்கத்தானே போகிறேன். பில்லுக்கு சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கும் குப்பைக்கூடை. யாரோ வாங்கிய டயப்பர், யாரோ வாங்கிய நாய் பிஸ்கட், எல்லாம் என் பெயரில் கத்தரிக்கோலிடம் போயிருக்கிறது. ஒருநாள் கூடைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தபோது மணி பார்த்துவிட்டாள். "ஓசிப் புஸ்தகத்துக்கு இத்தனை பாடுங்களா? காசு குடுத்தே வாங்கிப்போடலாமுங்க." அவளுக்குப் புரியாது. வாங்கினால் அது புத்தகம், அவ்வளவுதான். ஓசியில் வந்தால் நான் ஜெயித்தது. நானூற்றுப் பன்னிரண்டு புத்தகம் ஜெயித்திருக்கிறேன், அதில் முழுசாகப் படித்தது முப்பது தேறும். மீதி இருக்கட்டுமே, ரிட்டயர் ஆன பிறகு படிக்க. மணி காப்பி போட்டுத் தருவாள், நான் படித்துக்கொண்டிருப்பேன், இப்படித்தான் எப்போதும் நினைப்பேன், அந்த நினைப்பில் அவள் எப்போதும் காப்பி டம்ளரோடுதான் வருகிறாள், உட்கார்ந்ததே இல்லை. இருபத்தொன்று. பத்தொன்பதுக்குப் பிறகு இருபது எப்போது வந்து போனது?

பக்கத்து நாற்காலிக்காரர் வேட்டி முனையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்கிறார். "உங்களுக்கு யாருங்க உள்ள?"

"சம்சாரம்."

"எனக்கும் சம்சாரந்தானுங்க. ரெண்டாவது தடவை." ரெண்டாவது தடவை எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொல்லிவிடுவாரோ என்று பயந்து டிவியைப் பார்க்கிறேன், சத்தமில்லாமல் ஒருத்தி கத்தரிக்காய் வதக்குகிறாள்.

மூன்று மாதம். அணில் சரியாக மூன்று மாதம் கழித்துக் கேட்கிறது, அதன் ஞாபகசக்தி எனக்கு இருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். அதற்கு நான் சொன்ன பொய்கள் எல்லாமே ஞாபகம் இருக்கும். ஆரம்பத்தில் உண்மையைத்தான் சொன்னேன், கார் உண்டா இல்லை, நாய் உண்டா இல்லை, வீட்டில் யாருக்காவது நோய் உண்டா இல்லை. மூன்றாவது கேள்வியிலேயே 'மன்னிக்கவும், இந்த ஆய்வுக்கு நீங்கள் தகுதி பெறவில்லை' என்று வெளியே தள்ளிவிடும், ஆறுதலுக்கு இரண்டு பழம். சுகமாக இருப்பவன் யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது. ஒரு மாசத்தில் சூட்சுமம் பிடிபட்டது, இல்லை என்று சொல்லாதே, ஆமாம் என்று சொல். சொன்னேன். கார் வந்தது, நாய் இரண்டு வந்தன, கைக்குழந்தை வந்தது. நோயும் வந்தது, ஆனால் அதில் நான் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன், இதை யாரும் நம்பமாட்டார்கள், உயிரோடு இருக்கிறவர்கள் தலையில் எதையும் கட்டமாட்டேன். செத்துப்போய் ஒன்பது வருஷமான அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு இதயம், சித்தப்பாவுக்கு மூட்டுவலி. அவர்களுக்கு இனி என்ன ஆகப்போகிறது? சங்கக் கூட்டத்தில் சாமி இல்லை சாஸ்திரம் இல்லை என்று பேசுகிறவன்தான் நான், இருந்தாலும் உயிரோடு இருக்கிறவர்களை எழுதக் கை வரவில்லை. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

சித்திரை பிறந்து முதல் ஞாயிறு. பகல் பதினொன்று இருக்கும். கடல் வாணிகம் பற்றி மூன்று தொகுதியில் ஒரு வரலாறு, முதல் இரண்டும் ஏற்கெனவே ஜெயித்தாகிவிட்டது, மூன்றாவதற்கு இருநூற்றெண்பது பழம் குறைந்தது. அன்றைக்கு ராத்திரியோடு அந்தப் புத்தகத்தின் சலுகை முடிகிறது, மறுநாள் இரட்டிப்பு. அப்போது பார்த்து அணில் தட்டுகிறது, முந்நூறு பழம், இதுவரை வராத அளவு. திறந்தால் பெண்கள் உடல்நலம். 'உங்களுடன் ஒரே வீட்டில் வசிக்கும், நாற்பது முதல் ஐம்பது வயதுக்குட்பட்ட பெண் யாருக்காவது மார்பில் கட்டி உண்டா?' மேலே நேரம் ஓடுகிறது, முப்பது விநாடி, இருபத்தொன்பது. அம்மாவைப் போட முடியாது, ஒரே வீடு என்கிறது, நாற்பது முதல் ஐம்பது என்கிறது. எங்கள் வீட்டில் அந்தக் கணக்குக்கு ஒரே ஆள்தான். மகள் திருச்சியில் ஹாஸ்டலில், அவளுக்கு இருபது. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது ஞாபகம் இருக்கிறது. மணி வந்து கதவோரம் நின்றாள், கையில் கத்தி, கத்தியில் முருங்கைக்காய் நார் ஒட்டியிருந்தது. ஏதோ கேட்டாள், முருங்கைக்காய் போதுமா என்பது மாதிரி. எனக்குப் பதினொரு விநாடிதான் மிச்சம், ஆமா, ஆமா என்றேன், அவளுக்கும் அணிலுக்கும் சேர்த்து. அழுத்திவிட்டேன். அழுத்திய அதே நொடி ட்யூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லி சொன்னது. உச் உச் உச். மூன்று தடவை, தெளிவாக. நினைத்தது பலிக்கும் என்பாள் மணி, பல்லி சொன்னால் விரலை மடக்கித் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். நான் தட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கதவோரத்தில் அவளும் இல்லை. அதன்பின் இருபது கேள்வி, கட்டி எந்தப் பக்கம், வலி உண்டா, நோயாளி முதலில் யாரிடம் சொன்னார். எல்லாவற்றுக்கும் நன்றாகக் கற்பனை செய்து பதில் கொடுத்தேன். இடது பக்கம் என்றேன். மூன்றாம் தொகுதி வந்துவிட்டது. இன்னும் திறக்கவில்லை.

போன வாரம் மணி சொன்னாள், மோட்டார் போட்டுவிட்டு வந்து ஈரக்கையோடு, சாதாரணமாக. "ஏனுங்க, அது கரையவே இல்லைங்க. கொஞ்சம் பெருசான மாதிரிகூட இருக்குது." எது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், அந்தப் பார்வைதான் எனக்கு இன்னும் தொண்டையில் சிக்கிய மீன்முள் போல நிற்கிறது, கோபமில்லை, ஆச்சரியமும் இல்லை. பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். இடது பக்கம். என் விரலுக்கடியில் ஒரு புளியங்கொட்டை அளவு, நகராமல் இருந்தது. அந்த நொடி எனக்கு முதலில் தோன்றியது என்ன என்று வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். ஐயோ மணி என்று தோன்றவில்லை. இடது பக்கம் என்று நான்தானே எழுதினேன் என்று தோன்றியது. எழுதியவன் நான், எழுதி அனுப்பி அதற்குக் கூலியும் வாங்கியவன், பல்லி சாட்சி. எப்போதிலிருந்து என்று கேட்டேன், இருக்குதுங்க கொஞ்ச நாளா என்றாள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று நான் மேலே கேட்கவில்லை, மூன்று மாதம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, ரீடிங் எடுக்கப் போன வீட்டில் எண்ணைத் தப்பாக அடித்தேன், இருபது வருஷத்தில் முதல் தப்பு. பகுத்தறிவோடு யோசித்துப்பார் தங்கவேலு, ஒரு கட்டத்தைத் தொட்டதற்கும் ஒரு பொம்பளை உடம்பில் சதை வளர்வதற்கும் என்ன சம்பந்தம். ஒன்றுமில்லை. அப்படியானால் இடது பக்கம்? இரண்டு பக்கம்தானே இருக்கிறது, பாதிக்குப் பாதி. சரி, பல்லி? பல்லி எந்நேரமும்தான் கத்துகிறது. எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, பதிலெல்லாம் சரியாகவும் இருக்கிறது, ஆனாலும் கண் சுவர் எண்ணுக்கே போகிறது. இருபத்தாறு.

டக் டக். 'தங்கவேலு, மறந்துவிட்டீர்களா? இன்னும் நாற்பது நிமிடமே!' மறக்கவில்லை, சனியனே. திறக்கிறேன். திறக்காமல் இருந்தால் இன்னும் மோசம், அது பைக்குள் கிடந்து தாலிக்கொடியைத் தட்டிக்கொண்டே இருக்கும். 'சென்ற முறை நீங்கள் அளித்த பதில்: ஆமாம், எங்கள் வீட்டில் உண்டு. நோயாளியின் தற்போதைய நிலை?' கீழே நான்கு வட்டம். குணமடைந்தார். அதே நிலை. மோசமடைந்தார். நான்காவதைப் படிக்க மாட்டேன், படித்தாயிற்று, கண் படித்துவிடுகிறது, அந்த ஒரு சொல்லைக் கைவிரலால் மறைத்துக்கொண்டு மற்ற மூன்றைப் பார்க்கிறேன். விரல் வழுக்கினால்? உடனே விரலை எடுத்துவிட்டேன். குணமடைந்தார் என்று போடலாம். போட்டால் நடக்குமா? ஒன்று நடந்ததென்றால் மற்றதும் நடக்க வேண்டும்தானே, கெட்டதுக்கு மட்டும் பலிக்கும், நல்லதுக்குப் பலிக்காது என்றால் இது என்ன நியாயம். ஆனால் குணமடைந்தார் என்பதற்கு முன்னால் நோய் வந்திருக்க வேண்டும், வந்ததை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்கு வேண்டியது அந்த ஆமாமையே எடுப்பது, சித்திரை ஞாயிற்றுக்குப் போய் அந்த விரலைப் பிடித்து இழுப்பது. பார்த்தால் அடியில், சின்ன எழுத்தில், அதற்கும் வழி இருக்கிறது. 'சென்ற பதிலைத் திருத்த.' தொட்டால் எச்சரிக்கை. முரணான பதில் அளிப்பவர் கணக்கு நிரந்தரமாக மூடப்படும், சேர்த்த பழங்களும் பெற்ற நூல்களும் திரும்பக் கிடைக்காது. நானூற்றுப் பன்னிரண்டு. ஆறு வருஷம். எத்தனை லட்சம் அடி நடந்திருக்கிறேன், எத்தனை கூடைக்குள் கையை விட்டிருக்கிறேன். இருபத்தெட்டு. மூன்றாம் தொகுதியைத் திறக்கக்கூட இல்லை. பார், உள்ளே அவள் மஞ்சள் கயிற்றோடு உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே தொகுதியைப் பற்றிக் கவலைப்படுகிறேன், எனக்கு இது வேண்டியதுதான்.

பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார். "பயப்படாதீங்க. சீக்கிரம் வந்துட்டா ஒண்ணும் இல்லீங்க. நாங்கதான் தள்ளிப்போட்டுட்டோம்." நான் தலையாட்டுகிறேன். நாங்கள் சீக்கிரம் வந்துவிட்டோம், போன வாரம் சொன்னாள், இந்த வாரம் கூட்டிவந்துவிட்டேன், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த ஒரு விஷயத்தில் நான் நல்ல புருஷன். கொஞ்சம் தைரியம் வருகிறது. முப்பது. அடுத்தது மணி. உள்ளே அவளைப் படுக்க வைப்பதற்கு முன்னால் நான் இதை முடித்தாக வேண்டும், ஏன் என்று கேட்டால் தெரியாது, முன்னால் என்றால் கணக்கில் சேரும், பின்னால் என்றால் சேராது என்று தோன்றுகிறது. சாமிக்கு முடி கொடுக்கிறவன் மீசைக்கு ஆசைப்படலாமா? எடுத்துக்கொள் அணிலே, எல்லாவற்றையும் எடுத்துக்கொள், கடல் வாணிகத்தையும் எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு. 'உங்களுடன் வசிக்கும் பெண் யாருக்காவது' என்று பழைய கேள்வி மறுபடி வந்து நிற்கிறது, அதே நேரம் மேலே ஓடுகிறது. இல்லை. அழுத்தினேன். 'நிச்சயமாகவா?' நிச்சயமாக. அணில் ஒரு நொடி சுற்றிச் சுற்றி வந்தது. 'மன்னிக்கவும். தங்கள் கணக்கு மூடப்பட்டது. எங்களுடன் இருந்ததற்கு நன்றி.' புத்தக அலமாரி வெள்ளையாகிவிட்டது. காது வைத்துக் கேட்டேன், இந்த ஹாலில் பல்லி எதுவும் இல்லை, இருந்தாலும் நாற்காலிக் கட்டையில் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினேன். முப்பத்தொன்று. உடம்பெல்லாம் வியர்த்து லேசாகிவிட்டது, ஒரு வாரமாக இப்படி மூச்சு விட்டதில்லை. அவளுக்கு ஒன்றும் இருக்காது. வெறும் கொழுப்புக் கட்டி என்பார்கள். திரும்பிப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் அவளுக்குப் பிடித்த இளநீர் பாயசம் வாங்கித் தர வேண்டும்.

அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடிக் கதவு திறந்தது. மணி சேலைத் தலைப்பைத் தோளோடு போர்த்திக்கொண்டு மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஊசி வெச்சு எடுத்துப் பாக்கோணும்ங்கிறாங்க. வியாழக்கெழமை வரச் சொன்னாங்க." பெருமூச்சு விட்டாள். "டாக்டரம்மா எப்பலருந்து இருக்குதுன்னு கேட்டாங்க. மாசியிலருந்துன்னு சொன்னேன்."

மாசி. பங்குனி, அதற்கும் முன்னால் மாசி. சித்திரை ஞாயிற்றுக்கு முன்னால், பல்லிக்கு முன்னால், முந்நூறு பழத்துக்கு முன்னால். நான் இல்லை. வெட்கம்கெட்ட சந்தோஷம் ஒன்று வயிற்றிலிருந்து எழுந்து வந்தது, சிரித்துக்கூட இருப்பேன். நான் எழுதியதால் வரவில்லை, அது முன்பே இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் குரலில் கொஞ்சம் அதிகாரம்கூட வந்துவிட்டது. "மாசியிலிருந்து வெச்சுக்கிட்டு எங்கிட்ட ஏன் மணி சொல்லலை?"

"சொன்னனுங்களே."

"போன வாரந்தானே சொன்னே?"

"போன வாரம் ரெண்டாந்தடவை." அவள் முழங்கையைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்துப் பேசினாள். "சித்திரை பொறந்து மொத ஞாயித்துக்கெழமை. முருங்கைக்காய் அறுத்துட்டிருந்தேன். மனசு கேக்காம கத்தியோடவே எந்திரிச்சு வந்து நின்னேன். இந்தப் பக்கம் கட்டியாட்டம் இருக்குதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களான்னு கேட்டேன். நீங்க போனைப் பாத்துக்கிட்டே ஆமா, ஆமான்னீங்க. சரி, கூட்டிட்டுப் போவீங்கன்னு ஒரு வாரம் பாத்தேன். நீங்க ஒண்ணுமே பேசலை. அப்பறம் நானே நெனச்சுக்கிட்டேன், நாலு புஸ்தகம் படிக்கிறவரு, பயப்படறாப்பல இருந்தா பதறியிருப்பாரு, ஒண்ணும் இருக்காதுன்னு உட்டுட்டேன்."

பக்கத்து நாற்காலிக்காரர் எங்களைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தார்.

"அப்பவே வந்திருக்கலாமேம்மான்னாங்க டாக்டரம்மா. வூட்ல சொல்லலையான்னாங்க. சொன்னேன்னேன்." அவள் கையை நீட்டினாள். "கொடியைக் குடுங்க."

பைக்குள் கையை விட்டேன். கொடி கைக்குட்டையிலிருந்து அவிழ்ந்து போனோடு சுற்றிக்கொண்டிருந்தது, பிரித்து எடுக்க நேரமாயிற்று. அவள் அவசரப்படுத்தவில்லை. வாங்கி மஞ்சள் கயிற்றுக்கு மேலேயே போட்டுக்கொண்டாள்.

"வியாழக்கெழமை காலைல ஏழு மணிக்கு இங்க இருக்கோணுமாம். நீங்க லீவு போட்டரோணும். பாப்பாகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம். நான் சொல்றது கேக்குதுங்களா?"

"ஆமா" என்றேன்.

மணி எழுந்திருக்கவில்லை. இது எந்த ஆமா என்று கண்டுபிடிக்கிறவள் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.